உண்மைப் பிரதி

புதுக்கடை நீதிமன்றச் சுவரோரம்
மூன்றாவது மேசை என்னுடையது.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
மூன்று மொழி, ஒரு டைப்ரைட்டர்.
பிறப்பு பக்கத்துக்கு இருநூறு.
விவாகம் இருநூற்றைம்பது.
இறப்புக்கு நான் பேரம் பேசுவதில்லை.

பன்னிரண்டு வருடமாக
ஆட்களை ஊரைவிட்டு அனுப்புகிறேன்,
மூலத்தோடு ஒத்திருக்கிறது என்று
முத்திரைமேல் கைச்சாத்திட்டு.
சுவிஸுக்குப் போன ஒருவன் சொக்லேட் அனுப்பினான்.
மற்றவர்களும் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

அப்பா பதினாலு வயதில்
விளாத்திகுளத்திலிருந்து வந்தவர்.
செட்டியார் தெரு நகைப்பட்டறையில்
தூசியைக் கூட்டி அலசிப்
பொன் பொறுக்கும் வேலை.
பெயர் சுடலைமாடன்.
நான் பிறந்தபோது பதிவாளர்
காதில் விழுந்ததைச் சிங்களத்தில் எழுதினார்:
சுதுமாதன்.
சுது என்றால் வெள்ளை.
அடுப்புக்கரி நிறத்து மனுசன்
அன்றிலிருந்து வெள்ளை.
நான் உலகத்தில் இல்லாத ஒருவரின் மகள்.
தம்பிக்கு வேறு பதிவாளர்,
ஆகவே வேறு அப்பா: சுந்தரமதன்.
ஜிந்துப்பிட்டி அறையில்
இரண்டு அப்பாக்களின் பிள்ளைகள்
ஒரே பாயில் உதைத்துக்கொண்டு தூங்கினோம்.

கேதாரன் முதலில் வந்தது
அக்காவின் பத்திரத்தோடு.
பிறகு அண்ணனுடையதோடு.
பிறகு வெறுங்கையோடு,
வெள்ளவத்தையிலிருந்து நூறாம் நம்பர் பஸ்ஸில்.
"சும்மாதான்" என்பான்.
என் டீ அவனுக்குத் தேத்தண்ணி.
என் டைப்ரைட்டர் அவன் வாயில் ரைப்ரைட்டர்.

ஒருநாள் மழை.
பத்திரங்கள் நனையாமலிருக்க
ஒரே பொலித்தீனுக்குள் குனிந்திருந்தோம்.
யாரோ இருவரின் விவாகம்
என் மடியில் காய்ந்துகொண்டிருந்தது.
அவன் சட்டையில் சன்லைட் வாசம்.
அவ்வளவுதான் நடந்தது.
அதை வைத்து ஏழு மாதம் ஓட்டினேன்.

இனம் என்றொரு கட்டம் உண்டு.
அவனுக்கு இலங்கைத் தமிழர்.
எனக்கு இந்தியத் தமிழர்.
நான் இந்தியாவைப் பார்த்ததில்லை,
தலைமன்னார்கூடப் போனதில்லை.
கோப்பாயிலிருந்து அவன் அம்மா
ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்:
"அவை எந்த ஊர்ப் பக்கம்?"
பதில் சொல்லவில்லை என்றான்.
சொல்லாததைப் பெருமையாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை
அவனுடைய பத்திரம் வந்தது.
பிறப்பு ஒன்று.
கிராம சேவகர் கடிதம் ஒன்று: விவாகமாகாதவர்.
பெண் ரொறன்ரோவில்.
அவன் எழுதும் அந்த நகரத்தில்
ஒரு 'ட'வும் இல்லை.
"அவசரமில்லை" என்றான்.
"திங்கள் எம்பஸி" என்றும் சொன்னான்.

விவாகமாகாதவர்.
ஆங்கிலத்தில் ஒரே சொல்.
விரல் முதல் எழுத்தில் நின்றது.
ஒன்று பிசகினால் போதும்,
கோப்பு ஆறு மாதம் தூங்கும்.
ஒரு எழுத்தில் ஒரு மனிதரையே
வெள்ளையடித்த ஊர்தானே இது.

"நானறிந்த வரையில்" என்று தொடங்கியிருந்தார்
கிராம சேவகர். நல்ல மனிதர்.
"எவரோடும் பந்தம் கொண்டவரல்லர்."
அதையும் அடித்தேன்,
ஒத்திருக்கிறது என்று சத்தியமும் செய்தேன்.
நானூறு. முழுக்காசு.
அவன் எண்ணாமல் தந்தான்.
நான் எண்ணி வாங்கினேன்.

இரவு அப்பாவிடம் சொன்னேன்,
பெயர்த் திருத்தத்துக்கு மனுப் போடலாம்,
டைப் அடிக்கச் செலவில்லை.
அவர் தீக்குச்சியால்
நகக்கண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தார்.
வேலையை விட்டு ஒன்பது வருடம்,
பழக்கம் விடவில்லை.
"வேணாம்மா.
கூப்பன், வோட்டு, வீட்டு நம்பர்
எல்லாம் அவன் பேர்ல இருக்கு.
சுதுமாதன் இல்லேன்னா
என்னை எவன் இங்க இருக்க விட்டிருப்பான்?"

குச்சி நுனியை
பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
ஒன்றுமில்லை.
அடுத்த விரலுக்குப் போனார்.